உன் அறைக் கதவு இருந்த இடத்தில் சுவர்

அன்பு மகன் ஷாமலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், காலையில் எனக்குத் தும்மல், மாலையில் அவருக்கு முழங்கால் வலி, அதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை, நீயும் நியூசிலாந்தில் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இப்போது பெரிய சேதி, மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறேன், உன் அறை, பின் குளியலறை, துணி காயப்போடும் இடம் எல்லாம் சேர்த்து நம் வீட்டின் பின்பாதியை நானே என் கையால் தனி வீடாக்கி வாடகைக்கு விட்டுவிட்டேன், ஆளும் வந்துவிட்டது, வந்த ஆள் போகப் பார்த்தது, நான் விடவில்லை.

போனில் சொன்னால் நீ வேலை பார்த்துக்கொண்டே ம், ம் என்பாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ரிட்டையர் ஆகும்வரை நாம் இருந்தது கம்பெனி வீடு, ஆணி அடிக்கக்கூடத் துரையைக் கேட்க வேண்டும். இந்த மலையூர் தானா ராத்தாவில் இந்த வீட்டுச் சாவியை வாங்கிய அன்று நான் செய்த முதல் வேலை சுவரில் ஓர் ஆணி அடித்தது, எதை மாட்டுவது என்று தெரியாமலே அடித்தேன். அந்த வீட்டைத்தான் விட்டுவிட்டு ஈப்போவுக்குப் போகலாம் என்று அப்பா இந்த வருஷம் பேச ஆரம்பித்தார். சேமிப்பு கரைகிறது, குளிர் காலைப் பிடிக்கிறது, சித்தப்பா வீட்டுக் கீழ்மாடி சும்மா கிடக்கிறது, இதை முழுசாக வாடகைக்கு விட்டு அங்கே போய் இருப்போம் என்பது அவர் பேச்சு. பாதியை விடுவோம், மீதிப் பாதியில் நாம் இருப்போம் என்பது என் பேச்சு. கடைசியில் அவர், "தீபாவளிக்குள்ள நெலையா ஒரு ஆளு வந்து உக்காரட்டும், இல்லன்னா லோரியக் கூப்புட்ருவேன், அப்புறம் அழக்கூடாதுலா" என்றார். பார்க்கலாம் என்று நானும் சொல்லிவிட்டேன்.

எனக்குச் செங்கல் எந்தப் பக்கம் வைப்பது என்றுகூடத் தெரியாது, ஆனால் யூடியூப் தெரியும். மதுரைப் பக்கம் ஒரு பெண், பழைய வீட்டையெல்லாம் பிரித்து வாடகை வீடாக்கிக் காட்டுவாள், கையில் எப்போதும் கொத்துக்கரண்டி இருக்கும், அதனால் நான் அவளைக் கரண்டி அக்கா என்றுதான் சொல்வேன், வயதில் என்னைவிடச் சின்னவள்தான். அவள் போட்ட ஒரு வீடியோவையும் விட்டதில்லை, ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதுவேன், ஒரு தடவை எனக்குச் சிவப்பு இதயம் போட்டாள், அன்றைக்கு அப்பாவுக்குப் பாயசம். அவள் சொன்னபடியே தரைக்கு டைல்ஸ் ஒட்டினேன், முதல் வரிசை பாம்பு மாதிரி போனது, பெயர்த்து மறுபடி ஒட்டினேன். கரண்டு வேலைக்கு மட்டும் லைசென்ஸ் உள்ள ஆள். பிறகு, வாடகை வீட்டுக்குக் காற்றுதான் உயிர், எதிரும் புதிருமாகக் கூரைக்குக் கீழே இரண்டு துளை போடுங்கள் என்று அவள் சொன்னாள், நானும் சுத்தியலும் உளியும் வைத்து இரண்டு பெரிய துளை போட்டுக் கம்பிவலை அடித்தேன். மேலே ஒரு காத்தாடியும் மாட்டினேன். அப்பா கீழே நின்று பார்த்துவிட்டு, "காத்தாடியா, திலகா, கியா பார்ம் தோட்டத்துல ஸ்ட்ராபெரிக்கு விசிறவா" என்று கேட்டார். அவர் இந்த மலையிலேயே பிறந்தவர், நான் தெலுக் இந்தான் வெயிலில் வளர்ந்தவள், அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் சலீம் அண்ணன் தன் அண்ணன் மகள் நாதிராவைக் கூட்டி வந்தார். பாரிட் புந்தார் ஊர்ப் பிள்ளை, இங்கே ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக மாற்றலாகி வந்திருக்கிறாள், சாதுவான முகம், பார்த்ததும் பிடித்துவிட்டது, பிடித்ததுதான் வினை. அவளுக்குப் பின்பக்கம் தனி வாசல் இருக்கிறது, ஆனால் கூடத்திலிருந்து உன் அறைக்குப் போகும் கதவை நான் அப்படியே வைத்திருந்தேன், நல்ல மரம், எதற்கு எடுக்க வேண்டும். நம் வீட்டில் யார் கதவைத் தட்டியிருக்கிறோம் சொல், உன் அறைக்குள் நான் வருவது போலத்தான் அவள் வேலைக்குப் போனதும் உள்ளே போய்க் கொஞ்சம் பெருக்குவேன், மேசையில் இரண்டு இட்லி மூடி வைப்பேன். போகும்போதெல்லாம் ஒரு காற்றுத் துளையில் துண்டும் இன்னொன்றில் பழைய சட்டையும் திணித்திருக்கும். இந்தப் பிள்ளை துணி காயப்போட வேறு இடம் பார்க்கவில்லையா என்று இரண்டையும் உருவி, உதறி, அழகாக மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு வருவேன். மறுநாளும் திணித்திருக்கும், மறுநாளும் மடிப்பேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன மாதம் ரொட்டி வாங்கப் போனபோது சலீம் அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, புள்ள சொல்லக் கூச்சப்படுது, மாசக் கடைசியில கடை மாடிக்கே வந்துர்றேங்குது. நீங்க அவளுக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்களா, இல்ல தத்து எடுத்திருக்கீங்களா" என்றார், சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குத்தான் ரொட்டிப் பொட்டலம் கையில் சுட்டது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் நான் டைல்ஸ் அளந்த டேப்பை எடுத்து நம் துணி அலமாரியின் உயரத்தை அளக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தம், டேப் உள்ளே சுருண்டு போகுமே அந்தச் சத்தம், என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் முதல்முறையாக வெளியே சுற்றிப் போய்ப் பின்வாசலைத் தட்டினேன். உள்ளே வந்து கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டேன். அவள் சுவெட்டர்மேல் சுவெட்டர், காலுறை, தலைக்குத் துணி எல்லாம் போட்டுக்கொண்டு டீ ஊற்றினாள். உட்கார்ந்திருக்கும்போதே மலையிலிருந்து பனி இறங்கியது, நான் உளியால் போட்ட அந்தத் துளை வழியாக வெள்ளையாக உள்ளே வந்து, மெதுவாகச் சுவரோடு இறங்கிக் கட்டிலில் படுத்தது. அவளுடைய வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சப்பாத்தில் பச்சையாகப் பூசணம், சுவரில் மாட்டிய யூனிஃபார்ம் ஈரம், தொழுகைப் பாயைத் தொட்டுப் பார்த்தேன், அதுவும் சில்லென்று நனைந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "தெனமும் துண்ட மடிச்சு வச்சிட்டுப் போனீங்க ஆன்ட்டி, அடைக்கக் கூடாதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். எனக்குப் பயமா இருந்துச்சு" என்றாள். வேறு என்ன குறை என்று கேட்டேன், அவள் கூடத்துக் கதவைப் பார்த்தாள். அவள் பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தருகிறேன் என்றேன். அதற்கு அவள், "தாழ்ப்பா போட்டா நீங்க தட்டுவீங்க ஆன்ட்டி. நீங்க இட்லியோட தட்டினா நான் எப்படித் தொறக்காம இருக்கறது" என்றாள். சரியாகத்தானே சொல்கிறாள்.

வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க எனக்கு நேரமில்லை. மறுநாள் காலையிலேயே அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு துளையையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசினேன், காத்தாடியைக் கழற்றினேன், அந்தக் கரண்டு இணைப்பை லைசென்ஸ் ஆளைக் கூப்பிட்டுக் குளியலறைச் சுடுதண்ணீர் ஹீட்டருக்கு மாற்றச் சொன்னேன், பூசணம் பிடித்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்கள் அறை மெத்தையைக் கொடுத்தேன். பிறகு கூடத்துக் கதவு. நான் கதவைக் கழற்றி நிலையையும் பெயர்க்கும்போது அப்பா வந்து நின்றார். "அது நம்ம புள்ள ரூம்பு கதவு திலகா, யோசிச்சுக்க" என்றார். யோசித்துவிட்டேன், வாடகை என்றால் அது அவள் வீடு, நம் வீட்டில் பாதி இல்லை, எனக்கு இது இப்போதுதான் உறைத்தது என்றேன். அப்புறம் நான் கலக்கிய சாந்தைப் பார்த்து, தோட்டத்தில் கூலி ஆட்களுக்குச் சொல்கிற குரலில், "தண்ணி ஜாஸ்தி, சிமெண்டு ஓடும்" என்று சொல்லி என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் கலக்கிக் கொடுக்க நான் செங்கல் அடுக்கிக் கதவு இருந்த இடத்தைச் சுவராக்கினேன், முழங்கால் வலி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கழற்றிய கதவுப் பலகையை அறுத்து அவளுக்கு அடுப்பு மேடை செய்துவிட்டேன், உன் கதவு வீணாகவில்லை.

நாதிரா மாசக் கடைசியில் போகவில்லை. மாற்றல் வரும்வரை இங்கேதான் என்று சலீம் அண்ணனிடம் சொல்லிவிட்டாளாம். நான் உள்ளே போவதில்லை, கை பரபரக்கிறது, ஆனாலும் போவதில்லை. கரண்டி அக்காவுக்கும் நடந்ததை எழுதினேன், உங்கள் ஊரில் பனி விழும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறாள், நியாயம்தான். நேற்று சித்தப்பா போன் செய்து லோரி என்றைக்கு என்று கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமல், "ஆளு இருக்குதுலா வீட்டுல, நம்பி வந்த புள்ளய விட்டுட்டு எப்படி வர்றது, நீ வேணும்னா தீபாவளிக்கு இங்க வா" என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குவது போல இருந்தேன்.

குளிக்கும்போது தலையை நன்றாகத் துவட்டு, அங்கேயும் குளிர்தான். அறைச் சுவரில் ஈரம் தெரிந்தால் வாய் மூடி இராமல் வீட்டுக்காரரிடம் சொல், அவர் என்னைப் போலத் தெரியாமல் செய்திருப்பார். மலை ஊரில் வாடகை அறை கட்டுவது எப்படி என்று நானே ஒரு வீடியோ போட்டிருக்கிறேன், உன் கூட்டாளிகள் எல்லாருக்கும் அனுப்பு. தீபாவளிக்கு லீவு எடுத்துக்கொண்டு வா, சித்தப்பா குடும்பமும் வருகிறது, எல்லாரும் கூடத்தில்தான் வரிசையாகப் படுக்க வேண்டும். உன்னைக் கேட்காமல் உன் அறையைக் கொடுத்துவிட்டேன், உனக்குச் சம்மதமா என்று மனசில் உள்ளதை எழுது, கோபமாக இருந்தாலும் எழுது, ஆனால் ஒன்று, சுவர் காய்ந்துவிட்டது.

நீ எங்கே இருந்தாலும் நல்லவர்கள் நடுவில் இருக்க வேண்டும்,
உன் அம்மா திலகா லெட்சுமணன்,
தானா ராத்தா, முன்பாதி வீடு.