வரிசையில் பின்னால் நின்ற வீடு

நெம்மேலி குப்பம்
17-11-1974

சென்னை டாக்டர் பிரபாவதி அம்மாவுக்கு, ஜம்புலிங்கம் சம்சாரம் ஆதியம்மாள் எழுதுவது. இங்கே மூச்சு ஓடுகிறது. அங்கே உங்களையும் வீட்டாரையும் கன்னியம்மன் நல்லபடி வைத்திருப்பாள்.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன மார்கழியில் ஃபுளூ சுரத்தில் மகன் பூவராகவனைப் பறிகொடுத்தவள். கோயில் பக்கத்தில் நீங்கள் மேசை போட்டு ஊசி போட்ட அன்று, மகள் வச்சலாவோடு முதலில் நின்றது நான்தான். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நடந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஆளுக்கொரு புட்டி, பாதிப் புட்டிகளில் சுரம் வராமல் தடுக்கிற மருந்து, மீதிப் புட்டிகளில் வெறும் உப்புத் தண்ணீர், எது எதில் என்று உங்களுக்கே தெரியாது, வரிசையில் வருகிறவருக்கு அடுக்கில் இருக்கிறபடி எடுத்துப் போடுவோம் என்று தொண்டை கிழியச் சொன்னீர்கள். சம்மதம் உள்ளவர்கள் மட்டும் வரலாம் என்றீர்கள். வச்சலா கையை நீட்டப் போனாள். பின்னால் நின்ற எதிர்வீட்டுப் பார்வதம் என் முந்தானையைப் பிடித்தாள். "யக்கா, உன்து சாவு வுழுந்து வருசம் திரும்பாத வூடு. மொத ஊசி நீ போட்டுக்கினா ஊருக்கு ஆவுமா? கொஞ்சம் பின்னால வா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. முறையைத்தான் சொன்னாள். வருஷம் திரும்புகிற வரைக்கும் கட்டுமரம் தள்ளும்போதுகூட எங்கள் வீட்டார் முதலில் கை வைப்பதில்லை. நான் மகளைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். பார்வதத்தின் பெரிய மகன் ராஜாராம் முன்னால் போனான். வச்சலாவுக்கென்று இருந்த புட்டி அவனுக்குப் போயிற்று. அவனுடையது இவளுக்கு வந்தது.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு மிச்சம் இவள் ஒருத்திதான். இவளுக்குப் போட்டது மருந்தா, தண்ணீரா? ஒரு வரி எழுதினால் போதும். தண்ணீர் என்றால் பஸ் ஏறிப் பட்டணத்துக்குக் கூட்டி வருகிறேன். நல்ல புட்டியாக ஒன்று போட்டுவிடுங்கள். யாரிடமும் மூச்சு விட மாட்டேன்.

பயத்தோடு,
ஆதியம்மாள்

சென்னை
25-11-1974

ஆதியம்மாள் அக்காவுக்கு, பிரபாவதியின் வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஒளிக்கவில்லை அக்கா, வச்சலாவுக்குப் போனது எதுவென்று எனக்குத் தெரியாது. யாருக்கு எது என்று எழுதிய காகிதம் வேறு ஊரில், வேறொருவர் பொறுப்பில் பூட்டியிருக்கிறது. சுரக்காலம் முடிந்த பிறகுதான் திறப்போம்.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்திருந்தால், மருந்து போட்ட பிள்ளை இருமும்போது சாதாரணச் சளி என்று நினைப்பேன். தண்ணீர் போட்ட பிள்ளை இருமினால் ஃபுளூ என்பேன். மருந்து ஜெயிக்க வேண்டும் என்கிற என் ஆசையே என் கண்ணைக் கெடுத்துவிடும். இந்த மருந்து நம் கடற்கரைப் பிள்ளைகளைக் காக்குமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால்தான் எல்லோருக்கும் கொடு என்று சர்க்காரிடம் போய் நிற்க முடியும்.

பட்டணத்துக்கு வர வேண்டாம். உங்கள் மகளுக்கு மட்டும் நான் போட்டால், மற்ற வீட்டுத் தாய்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

யாருக்காவது சுரம் கண்டால் வீட்டில் கூட்டம் சேர விடாதீர்கள். மூச்சு வாங்கினால் ஒரு நாழிகையும் பார்க்காமல் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எனக்கும் தந்தி கொடுங்கள், வருகிறேன்.

அன்புள்ள,
பிரபாவதி

நெம்மேலி குப்பம்
29-12-1974

டாக்டரம்மாவுக்கு ஆதியம்மாள் எழுதியது.

உங்கள் கடிதம் வந்தது. படித்ததும் கோபம் வந்தது. பிறகு உங்களை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. தெரியாமலே ஊசி போடுகிற வேலையும் ஒரு வேலையா என்று இருந்தது. என் வீட்டுக்காரர் காதில் போட்டேன். "கடல்ல பொறந்தவளுக்கு உப்புத் தண்ணிய ஊசில வேற ஏத்தணுமா? ஒரு முழுக்குப் போட்டா பத்தாது?" என்று சிரித்தார். பூவராகவன் போன பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். அதனால் சண்டை பிடிக்கவில்லை.

ராஜாராமுக்கு ஊசி போட்ட தோள் வீங்கி வலித்ததாம். மருந்து வேலை செய்கிறது என்று பார்வதம் மீன் மார்க்கெட்டு வரைக்கும் சொல்லிவிட்டாள். வச்சலா தோளை நான் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. அப்போது இவளுக்குத் தண்ணீர்தானே?

கேளம்பாக்கத்துக்குக் கூடை எடுத்துப் போகிறபோது இவளைக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டேன். பஸ்ஸில் யாராவது இருமினால் நான் இறங்கி நடக்கிறேன். "யம்மா, நான் இன்னா கருவாடா? பானைல போட்டு மூடி வெக்கிறியே" என்று இவள் கத்துகிறாள். கத்தட்டும். கத்துகிற வரைக்கும் மூச்சு இருக்கிறது என்று தெரியும்.

பூவராகவனுக்கு வருஷத் திதி கொடுத்தாயிற்று. இனி நாங்கள் எதிலும் முன்னால் நிற்கலாம். நிற்கத்தான் எதுவும் இல்லை.

ஆதியம்மாள்

நெம்மேலி குப்பம்
13-1-1975

டாக்டரம்மா, போகிப் பண்டிகையும் அதுவுமாகச் சுரம் குப்பத்துக்குள் வந்துவிட்டது. நாலைந்து வீட்டில் படுத்திருக்கிறார்கள். காலையில் ராஜாராம் வலை இழுக்கும்போதே நடுங்கி உட்கார்ந்துவிட்டானாம். பொழுது சாய வச்சலா தலை வலிக்கிறது என்றாள். தொட்டால் உலை மூடி மாதிரி சுடுகிறது. பூவராகவனுக்கும் இப்படித்தான் தலைவலியில் ஆரம்பித்தது.

தந்தி கொடுக்க என் வீட்டுக்காரர் மகாபலிபுரம் போகிறார். தந்தியில் நாலு வார்த்தைதான் போகுமாம். அதனால் இதையும் தபாலில் போடச் சொல்கிறேன். எனக்கு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வாருங்கள். மருந்தோ தண்ணீரோ, நீங்கள் வாருங்கள்.

ஆதி

நெம்மேலி குப்பம்
10-2-1975

டாக்டரம்மாவுக்கு ஆதியம்மாள் நமஸ்காரம் செய்து எழுதுவது.

வச்சலா எழுந்து நடக்கிறாள். கஞ்சி வேண்டாம், மீன் வேண்டும் என்கிறாள். அன்று உங்கள் ஜீப்பில் இரண்டு பேரையும் ஒரே பாயில் கிடத்திச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனீர்கள். ராஜாராம் தலை உங்கள் மடியில் இருந்தது. திரும்பி வந்தது என் பிள்ளை மட்டும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் பாடுபட்டார்கள், அவனுக்குத்தான் மூச்சு தங்கவில்லை. நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றதை நான் பார்த்தேன். பார்வதம் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவள் என் வாசலுக்கு வந்தாள். உட்காரவில்லை. "டாக்டரம்மாக்கு நீதான எழுதுவ? எம்புள்ளைக்குப் போட்டது இன்னானு கேளு. உம் பொண்ணுக்கு இருந்ததைத்தான நான் முந்திக்கினு வாங்கிக் குடுத்தேன்" என்றாள். வச்சலா உள்ளே இருந்தாள். கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து தெருப்பக்கம் போவதில்லை. நான் அடைத்து வைத்தபோது கத்தினவள், இப்போது தானே கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

கார்த்திகையில் இதைத்தான் உங்களிடம் கெஞ்சினேன். இப்போது பார்வதத்துக்காகக் கேட்கிறேன். கேட்கும்போதே, உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். ராஜாராமுக்குப் போட்டது தண்ணீராக இருந்தால், என் மகள் குடிக்க வேண்டிய விஷத்தை அவள் மகன் குடித்த மாதிரி ஆகிவிடும். எதிரெதிர் வாசல். எப்படிக் கோலம் போடுவோம்?

ஆதியம்மாள்

சென்னை
21-3-1975

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுக் காகிதத்தைத் திறந்தார்கள். உங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்பதற்காகவே இத்தனை நாள் காத்திருந்தேன்.

மருந்து போட்டவர்களில் சுரம் கண்டவர்கள் குறைவு. இல்லாமல் இல்லை. மருந்து போட்டும் சிலர் படுத்தார்கள், தண்ணீர் போட்டும் பலர் தப்பினார்கள். தோள் வீங்கினது எதற்கும் சாட்சி இல்லை. இது சத்தியம்.

ராஜாராமுக்கு எது, வச்சலாவுக்கு எது என்று இப்போது எனக்குத் தெரியும். பார்வதத்துக்குக் கேட்க உரிமை உண்டு. அவர் கேட்டால் மறைக்க மாட்டேன், மாற்றியும் சொல்ல மாட்டேன். தபாலில் எழுதாமல் நேரில் வந்து சொல்வேன். இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள். முடிவு அவருடையது.

ஐப்பசியில் திரும்பவும் வருவேன். தண்ணீர்ப் புட்டி இல்லாமல் வருவேன். ஆனால் மருந்து எல்லோருக்கும் போதுமா என்று இப்போது சொல்ல முடியாது.

ராஜாராம் தலையின் பாரம் இன்னும் என் மடியில் இருக்கிறது.

பிரபாவதி

நெம்மேலி குப்பம்
2-4-1975

டாக்டர் பிரபாவதி அம்மாவுக்கு ஆதியம்மாள் எழுதுவது. வச்சலா சுகம். உங்கள் மடி பாரம் குறையட்டும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். பார்வதம் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டிக் கூட்டிப் படித்தேன். மடியில் என்கிற இடத்தில் அவள் கை நின்றது. திரும்ப அந்த வரியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு சொன்னாள்:

"மருந்துன்னா மருந்து மேல கோவம் வரும். தண்ணின்னா உன் மேல வரும். இல்லாங்காட்டி என் மேலயே வரும். எம்மேல வந்தா நான் கடல்ல எறங்கிடுவேன்கா. உம்மேல வந்தா, அப்பால நான் யாரண்ட போயி அழுவறது? வேணாம்னு எழுது."

உடனே கோபமாக, "உம் பொண்ண இன்னாத்துக்கு ஊட்டுக்குள்ள வெச்சிகினு கீற? இறா உரிக்க ஆளில்லாம நான் ஒண்டியா சாவறேன்" என்றாள். நான் வந்து வச்சலாவை அனுப்பினேன். இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் உரித்தார்கள். பேசினார்களா என்று நான் காது கொடுக்கவில்லை.

ஆகையால் நீங்கள் வந்து சொல்ல வேண்டாம். எனக்கும் சொல்ல வேண்டாம். வாய் தவறிக்கூட வேண்டாம். அது உங்களிடம் இருக்கட்டும். பாரம்தான், தெரியும்.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. வச்சலா தும்மினால் கையில் இருக்கிற சட்டியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஐப்பசியில் நீங்கள் மேசை போடும்போது பார்வதம் வீட்டுக்கு வருஷம் திரும்பியிருக்காது. சின்ன மகன் சிங்காரத்தைக் கூட்டிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால்தான் நிற்பாள். அதுதான் முறை. எங்கள் வீட்டுக்குத் தீட்டு விலகிவிட்டது, நாங்கள் முன்னால் நிற்கலாம். ஆனாலும் நானும் வச்சலாவும் அவளுக்குப் பின்னால் நிற்பது என்று முடிவு செய்துவிட்டோம். வச்சலாதான் முதலில் சொன்னாள்.

மருந்து எங்களிடம் வரும்போது தீர்ந்துபோனால் போகட்டும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை, அம்மா. அதனால் யார் கையைக் காலைப் பிடித்தாவது கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவாருங்கள்.

வரிசையில் கடைசியாக நிற்கப்போகிற,
ஆதியம்மாள்