உங்கள் நினைவாக ஒரு பம்ப்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி இப்போது தேவலை என்று தங்கை சொன்னாள். அம்மாவுக்குப் பிரஷர் குறைந்ததா?

ஒரு சின்ன விஷயம், பதறாதீர்கள். இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே ஒரு பார்சல் வரும். அம்மா கண்ணில் படாமல் நீங்களே பிரியுங்கள்.

வேலைக்காக இந்த ஊருக்குக் கிளம்பும்போது, ஓடாமல் நிற்கும் நம் டிராக்டரைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லிச் சண்டை போட்டேன் அல்லவா? இங்கே அறையில் பொழுது போகாமல், இணையத்தில் பழைய டிராக்டர்களைப் பழுதுபார்ப்பவர்களின் குழுவில் சேர்ந்தேன். நம் வண்டியின் படத்தைப் போட்டதும் ஆளாளுக்கு மெச்சினார்கள். டீசல் பம்ப் பழுதாகி நிற்கிறது என்றேன்; அதில் என்ன கோளாறு என்று கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும்?

"அப்பாகிட்டயே கேட்டுச் சொல்லுப்பா" என்றார் ஒரு மெக்கானிக். நாம் பேசி ஐந்து மாதம் ஆகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அப்பா இல்லை" என்று எழுதிவிட்டேன்.

இருநூறு பேர் அனுதாபம் சொன்னார்கள். அந்த மெக்கானிக், "அப்பா நினைவா வெச்சுக்கப்பா" என்று தன்னிடமிருந்த பம்பையே நம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். உள்ளே இரங்கல் கடிதமும் இருக்கிறதாம்.

பம்பை மாட்டி வண்டி ஸ்டார்ட் ஆனதும் தங்கையை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சீட்டில் நீங்கள்தான் உட்கார வேண்டும், முகம் தெரிய வேண்டும். அதைக் குழுவில் போட்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்படியே அதில் என்னை நாலு திட்டுத் திட்டுங்கள் அப்பா. உங்கள் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகன்