டேப்பட் சத்தம்

ஜூலை 8, செவ்வாய்.

ஒன்பது வருடமாகக் கொட்டகையில் கிடந்த மோட்டார் சைக்கிளை இன்று மெக்கானிக் செல்வன் பிரித்தான். என் தம்பி இதை அகளி மலைப்பாதையில் ஆயில் இல்லாமல் ஓட்டி எஞ்சினைக் கெடுத்துவிட்டான் என்றுதான் அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். அவன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

செல்வன் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிக் காட்டினான். "ஆயில் இல்லாம ஓடியிருந்தா கேம் தேஞ்சிருக்குமுங்க சார். இது கண்ணாடியாட்ட இருக்குது. வால்வுதான் கருகிருச்சு. ஆரோ சத்தத்த அடக்கறேன்னு டேப்பட்ட இறுக்கிப்புட்டாங்க. வால்வு முழுசா மூடறதுக்கு எடவெளியே இல்லீங்க."

இறுக்கியது நான். தம்பி வண்டி கேட்டு வந்ததற்கு முந்தின வாரம்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் சாயங்காலம் அவனுக்கு போன் செய்தேன்.

"அண்ணா! நெசமா நீங்கதானுங்களா?" என்றான். வண்டியைப் பிரித்ததைச் சொன்னேன். அவன் கேட்டான்: "ஆயில்தானுங்களாண்ணா?"

"ஆமா" என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை?

"அப்ப என் தப்புத்தானுங்கண்ணா. ஆயிலப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன். மன்னிச்சிருங்க." அழுதான்.

"சரி, விடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறானாம். அதற்குள் செல்வனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்.