எந்த நாட்டுக் காய்ச்சல்

ஸ்காலா, கிரீஸ்
ஆகஸ்ட் 29, 2011

அன்புள்ள தீமியோஸ்,

போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். பயப்படாதே, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பைத் தூக்கிப் போடும் குளிர், பின்னாலேயே காய்ச்சல். ஆரஞ்சுத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும்போது விழுந்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துக் கோஸ்மாஸ்தான் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மலேரியாவாம். டாக்டருக்கே நம்பிக்கை வரவில்லை. "எந்த நாட்டுக்குப் போயிட்டு வந்தீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஏதென்ஸுக்குக்கூடப் போனதில்லை என்றேன். உன் அம்மா சூப் வைத்துத் தருகிறார். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் அர்கிரோ

டர்பன் துறைமுகம், தென்னாப்பிரிக்கா
செப்டம்பர் 11

அர்கிரோ,

நீ தேறியதில் நிம்மதி. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இத்தனை வருஷமாகக் கடலில் இருக்கிறேன். மலேரியா எந்தெந்தக் கரையில் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நம் ஊர் அதில் இல்லை. கோஸ்மாஸ் என் கப்பலில் இருந்தவன். மும்பையில் இதே காய்ச்சலில் கிடந்துவிட்டுத்தான் போன குளிர்காலத்தில் ஊர் திரும்பினான். அவன் ரத்தத்தில் இருந்தது உன் ரத்தத்துக்கு எப்படி வந்தது? நீ விழுந்த நேரத்தில் அவன் ஏன் அங்கே நின்றான்?

கப்பல் சமையல்காரனிடம் சொன்னேன். "அவ எங்கேயும் போகலைன்னா, வந்தவன் யாருன்னு கேளு" என்று சிரிக்கிறான். எனக்குத் தூக்கமே இல்லை. காரில் முன்சீட்டிலா உட்கார்ந்தாய்? உண்மையை எழுது.

தீமியோஸ்

ஸ்காலா
செப்டம்பர் 27

தீமியோஸ்,

பின்சீட்டில் படுத்திருந்தேன். தலை உன் அம்மா மடியில் இருந்தது.

சுகாதாரத்துறை ஆட்கள் ஆற்றோரம் வீடுவீடாக வந்து ரத்தம் எடுத்தார்கள். காய்ச்சல்காரரைக் கடித்த கொசு அடுத்தவரையும் கடித்தால் போதுமாம். ஊரைத் தாண்டவே வேண்டாமாம். தோட்டக் கூலியாட்கள் பலருக்கும் ரொட்டிக்கடைக்காரருக்கும் இருக்கிறது. முந்தாநாள் உன் அம்மாவுக்கும் வந்துவிட்டது. யாரோடு என்று அவரிடமும் கேட்டு எழுதட்டுமா?

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, "இவன் அப்பனும் இப்படித்தான்டி. தபால்காரன் சிரிச்சுப் பேசினாக்கூட மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்" என்றார்.

அர்கிரோ

டர்பன்
அக்டோபர் 9

என் கண்ணே அர்கிரோ,

வெட்கமாயிருக்கிறது. எந்த முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்பேன் என்று தெரியவில்லை. இனி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன். நீல நிறத்தில் கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறேன். கொசுவலை கட்டிக்கொண்டு தூங்கு. அம்மாவைப் பார்த்துக்கொள்.

ஒன்றே ஒன்று. அம்மாவையும் அவன் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா? அம்மாவை அங்கே சேர்த்துவிட்டு, திரும்பும்போது நீ யாரோடு வந்தாய்?

உன் தீமியோஸ்

ஸ்காலா
அக்டோபர் 20

தீமியோஸ்,

ஆமாம், கோஸ்மாஸ் காரில்தான் திரும்பினேன். வேறு வண்டி கிடைக்கவில்லை என்று விளக்கி எழுத ஆரம்பித்தேன்; எதற்கு என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மிச்ச மருந்தைக் கொடுக்க உன் தங்கை வந்துவிட்டாள். நான் கலமாட்டாவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். தேடி வராதே.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே நேற்று மெல்ல நடந்து சந்தைக்குப் போய் எனக்கொரு பெட்டி வாங்கி வந்தார். என் துணிகளை அவர்தான் மடித்து வைத்தார். பெட்டியை மூடும்போது, "நல்லபடியா போ. நான் அப்போ போகாம இருந்துட்டேன்" என்றார்.

அர்கிரோ