மூன்று சுற்று முடிந்தது

பிடிவாதம் பிடித்த என் சாம்பியனுக்கு,

ஹவானாவில் நம் மகள் வீட்டுக்கு நான் வந்து ஐந்து நாளாகிறது. டோமினோ மேசையை விட்டு நீ எழுந்தாயா என்று பக்கத்து வீட்டு யமிலேவிடம் போனில் கேட்டேன். சாப்பிட மட்டும் எழுந்தாயாம்.

அதே பேச்சுதானே? முப்பது வருடமாகக் கேட்டு என் காது புளித்துவிட்டது. உன் ஆட்டக் கூட்டாளி எவேலியோ ஆரம்பிப்பான்: "அன்னைக்கு மயாமிக்குப் போயிருந்தா, காசுக்குக் குத்துச்சண்டை போடுற அத்தன பேரையும் இவன் படுக்க வச்சிருப்பான்!" எதிரே உலிசெஸ் சிரிப்பான்: "நாட்டுக்காக மூணு சுத்து ஆடிப் பழகினவன், காசுச் சண்டையில பன்னெண்டு சுத்துக்கு மூச்சுக்கு எங்கடா போவான்?" உடனே நீ மேசை அதிரக் கட்டையை அடித்து, "பதினஞ்சுன்னாலும் நின்னிருப்பேன்டா!" என்பாய்.

நின்றிருப்பாயோ என்னவோ, எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா உன் புற்றுநோய்க்குப் பன்னிரண்டு முறை மருந்து ஏற்ற வேண்டும் என்றாள். நீ மூன்றாவது முடிந்ததும் வாந்தி தாங்கவில்லை என்று வந்து படுத்தாய். அதன்பின் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. பழக்கதோஷம்! இதை அந்த மேசையில் யாரிடமாவது சொன்னாயா?

ஞாயிறு வந்துவிடுவேன். திங்கள் காலை ஆறு மணிப் பேருந்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நில். வாந்திக்கு வாளி நான் எடுத்து வருகிறேன், துண்டும்தான். அந்தத் துண்டு உன் முகம் துடைக்க மட்டுமே. தோற்றோம் என்று அதை நான் மேடைக்குள் எறிய மாட்டேன், எதிர்பார்க்காதே.

இன்னும் ஒன்பது சுற்று இருக்கிறது.

இப்படிக்கு,
மேடையில் உன் மூலையில் நிற்பவள்