பூட்டுக்காரர் கேட்டே விட்டார்

மார்ச் 3, செவ்வாய்
நாள் முழுக்கச் சட்டைக்குக் கை தைத்தேன். என் கை கழன்றுவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 5, வியாழன்
வேறு ஒருவரோடு பழக ஆசை வந்தால் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அதுவும் காலையில் பல் தேய்க்கும்போது. இது எங்கள் வழக்கம். வாயில் நுரை இருந்தால் சண்டை போட முடியாது என்று அந்தக் காலத்தில் நான்தான் கண்டுபிடித்தேன்.

இன்று என் வீட்டுக்காரர் சொன்னார். பல் கிளினிக்குக்குப் பூட்டு மாற்றப் போனாராம். அங்கே இருக்கும் நர்ஸம்மாவைப் பிடித்துவிட்டதாம்.

"நம்ம ஏற்பாடு எனக்கும் உண்டுதானே? நீ வேண்டாம்னா வேண்டாம்."

"தாராளமா" என்று சிரித்தேன்.

சிரித்தேனா? வயிறு பத்திக்கிட்டு எரியுது.

மார்ச் 8, ஞாயிறு
போட்டோ ஸ்டுடியோக்காரரோடு நான் பழகிய காலமே கண்ணுக்குள் நிற்கிறது. இவருக்குத் தெரியும், தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒளிவுமறைவே கிடையாது. மஞ்சள் குடையைச் சுழற்றிக்கொண்டு போவேன். "மழை வரும், சீக்கிரம் திரும்பு" என்று இவர் ஜன்னலில் நிற்பார். இருட்டறையின் சிவப்பு விளக்கு, அந்த மருந்து வாசனை... என்ன நாட்கள்! ஸ்டுடியோக்காரர் ஊர் மாறிப் போனபோது அழுத எனக்குக் காபி போட்டுக் கொடுத்தவரும் இவர்தான்.

நான் ஒரே தெருவில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நடக்க மாட்டேன். இவர் கல்யாணத்தில் வந்த டம்ளரை இன்னும் விடவில்லை. ஆசையெல்லாம் என் மாதிரி ஆளுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். என்ன திமிர்!

மார்ச் 9, திங்கள்
இடது கையை வலது பக்கம் தைத்துவிட்டேன். "யாரு நினைப்புடி?" என்றாள் பட்டன் வைக்கிற அக்கா. "புருஷன் நினைப்பு." கடையே சிரித்தது.

மார்ச் 10, செவ்வாய்
"அன்னைக்கு நான் ஸ்டுடியோவுக்குப் போனப்ப உங்களுக்கு எரியலையா?"

"எரிஞ்சுது. முதல்ல." வாய் கொப்பளித்தார். "அப்புறம் நீ வந்து கதை சொல்லுவியே, அதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன்."

இத்தனை வருஷத்தில் இவர் பேசிய பெரிய பேச்சு இதுதான்.

"எனக்கும் எரியுது. சொல்லிட்டேன்."

"அப்ப விட்டுடலாம்."

"யாரு விடச் சொன்னா? போயிட்டு வாங்க."

மார்ச் 15, ஞாயிறு
போய் வந்தார்.

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல."

"அவங்க?"

"அவங்களும் பேசல. பூங்காவுல உட்கார்ந்திருந்தோம். நல்லா இருந்துச்சு."

முகம் மட்டும் பூத்துக் கிடக்கிறது. எனக்கு எரிச்சல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் மீறிச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடுத்த வாரம் இங்க கூட்டிட்டு வாங்க. உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேச ஒரு ஆள் வேண்டாமா?"

மனுஷன் காது வரைக்கும் சிவந்துபோனார்.