உதட்டின் மேல் ஒரு கோடு

இன்று நம் மகள் பள்ளிக்கூடப் படத்தைக் கொண்டுவந்தாள். நான்காம் வகுப்புப் படம். நீங்கள் இல்லாமல் வந்த இரண்டாவது படம். மேசையில் நீங்கள் தேநீர்க் கோப்பை வைக்கும் மூலையில் அதை நிறுத்திவிட்டு, எதிரே இருந்து எழுதுகிறேன். மேலுதட்டிலிருந்து மூக்குவரை போகும் அந்த மெல்லிய கோடு நன்றாகத் தெரிகிறது.

கொழும்பிலிருந்து நோர்வேக்குத் தத்தெடுப்புக் கோப்பு வந்த அன்று அவளுடைய முதல் படத்தைப் பார்த்து நான் அழுதேன். உதடும் அண்ணமும் பிளந்திருந்த ஒரு வயதுக் குழந்தை.

"ஏன் அழுகிறீர்? பிள்ளை சிரிக்குது, வடிவாப் பாரும்," என்றீர்கள். அதோடு நம் வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது.

அண்ணத்தை மூடிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு, வாய்க்குள் விரல் போகாதபடி அவளுடைய இரண்டு கைகளுக்கும் முழங்கை மடங்காத உறை போட்டுவிட்டார்கள். அவள் கத்தினாள். உடனே நீங்களும் கைகளை விறைப்பாக நீட்டிக்கொண்டு வீடெல்லாம் நடந்தீர்கள். அப்படியே சோறு சாப்பிடப் பார்த்து மேலெல்லாம் கொட்டினீர்கள். அவள் சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

பஸ் ஓட்டும் வேலையில் எந்த நாளை மாற்றிக் கொடுத்தாலும் வியாழக்கிழமையை நீங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. அன்று அவளுக்குப் பேச்சுப் பயிற்சி. ஆசிரியை அவள் மூக்கின் கீழ் ஒரு சிறிய கண்ணாடியைப் பிடிப்பார். காற்று மூக்கால் போனால் கண்ணாடியில் ஆவி படியும். "அப்பா" என்று சொல்லவைத்தால் மாதக்கணக்காக ஆவி படிந்தது. ஒரு வியாழன் படியவில்லை. கண்ணாடி துப்புரவாக இருந்தது. ரொம்மனில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்து சேரும்வரை ரயிலில் கண்ட நோர்வேக்காரருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். "மானம் போகுது, சும்மா இருங்கோ," என்று நான் உங்கள் ஜாக்கெட்டை இழுத்தேன். உள்ளுக்குள் எனக்கும் கூவவேண்டும் போலத்தான் இருந்தது.

அவளுடைய நான்காவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, விழா மண்டப வாசலில் வைக்கும் பெரிய படத்தைப் படக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உதட்டில் கோடு இல்லை. வழுவழுவென்று இருந்தது.

"இது ஆருடைய பிள்ளை? எனக்கு அடையாளம் தெரியேல்லை," என்றீர்கள். உங்கள் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள்.

படக்காரர் என்னை ஒருதரம் பார்த்தார். "பிழைதான் அண்ணை. மாத்தித் தாறன்," என்று தலையைக் குனிந்தார்.

அந்தக் கோட்டை அழிக்கச் சொன்னது நான். ஆட்கள் என்ன கதைப்பார்களோ என்று, உங்களுக்குத் தெரியாமல் அவரிடம் தொலைபேசியில் கெஞ்சினேன். அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டபோது பேசாமல் நின்றேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதும் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிறந்தநாளன்று கோடு உள்ள படம்தான் வாசலில் நின்றது. பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் நின்றே எல்லோரையும் வரவேற்றீர்கள்.

இன்று படத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "அம்மா, படமெடுத்தவர் இந்தக் கோட்டை இல்லாமல் செய்யட்டோ எண்டு கேட்டவர். வேண்டாமெண்டு சொன்னனான்."

"ஏனம்மா?"

"அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போயிடும்."

ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய்ப் பெரிய படச்சட்டம் ஒன்று வாங்கப்போகிறோம். படத்தை நம் வீட்டு வாசலில் மாட்டுவேன். வருகிறவர்களை இனி அதன் பக்கத்தில் நின்று நான் வரவேற்பேன்.